கயிறு பிடிப்பவர்: அன்னாரின் மைத்துனர்

தூத்துக்குடியில் வசந்தம் என்று ஒரு பருவம் கிடையாது. பங்குனியில் வேர்க்கும், சித்திரையில் வேர்வை ஊற்றும். நடுவில் ஈஸ்டர் என்கிற பாஸ்குத் திருநாள் வரும், வெளியூர்ச் சம்பந்திகள் வருவார்கள், உப்பளத்துப் பக்கமிருந்து புழுதி வரும். வசந்தம் வந்ததாக யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் 1949-ஆம் வருஷம் ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலர் ஒரு மாடியில் கூடி, பெருநகரம் என்று ஒன்று இருந்தால் அதற்கு வசந்தமும் இருந்தே தீரவேண்டும் என்று முடிவு கட்டினார்கள். ஒருவர் முன்மொழிந்தார், ஒருவர் வழிமொழிந்தார், மற்றவர்கள் விசிறிக்கொண்டார்கள். மில்லர்புரத்துப் பக்கம் சும்மா கிடந்த பொட்டலில் பத்து நாள் வசந்தப் பொருட்காட்சி வந்தது இப்படித்தான்.

மஞ்சள் தாளில் நோட்டீசு அடித்து, கோவில்பட்டி வரைக்கும் ரயில் வண்டிகளில் ஒட்டினார்கள். வெளியூர் அன்பர்கள் கண்டு களிக்க வேண்டியவை வரிசையாக இருந்தன. ராட்டினம். மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள். மேசைமேல் பேசும் தலை. அதற்குக் கழுத்துக்குக் கீழே எதுவும் கிடையாது. ஐந்து கால் கன்றுக்குட்டி. கூடாரத்தில் சினிமா. கடைசியாகக் கொட்டை எழுத்தில், நகரின் பெருமையாகிய முத்துக்குளிப்பு, தினமும் மாலை நாலு, ஐந்து, ஆறு மணிக்கு.

கடலில் முத்து இல்லை என்கிற சின்ன விஷயத்துக்கு நோட்டீசில் இடம் போதவில்லை. சலாபம் என்று சொல்லப்படும் முத்துக்குளிப்பு இந்தக் கடலில் கடைசியாக நடந்தது இருபத்தெட்டாம் வருஷம். அதன் பிறகு வருஷந்தோறும் சர்க்கார் படகு போய்க் கடலடியைப் பார்த்துவிட்டு, சிப்பி இன்னும் வளரவில்லை என்று எழுதிவைத்துவிட்டு வந்தது. கமிட்டியார் சிப்பிக்காகக் காத்திருக்கவில்லை. பொட்டலின் நடுவே செங்கல்லும் சிமிண்டும் வைத்து எட்டடி ஆழத்தில் ஒரு தொட்டி கட்டினார்கள். பக்கத்தில் கண்ணாடி பதிப்பதாக ஏற்பாடு. கண்ணாடி வருகிற வழியிலேயே உடைந்துபோனதால், ஏணிப்படி போட்டு, ஜனங்கள் மேலேறி எட்டிப் பார்க்கும்படி செய்தார்கள். லாரி லாரியாக வல்லநாட்டுக் குடிதண்ணீர் வந்து தொட்டியில் விழுந்தது. தெருக்குழாயில் குடத்தை வரிசை போட்டிருந்த பெண்கள், அந்த லாரிகள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிப்பிக்குச் சுண்ணாம்புக் காளவாசலில் சொல்லி, எரிக்க வைத்திருந்த பழைய ஓடுகளை வாங்கி, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கண்ணாடி முத்தை வைத்து, மெழுகால் ஒட்டினார்கள். எல்லாம் தயார். குளிக்கிறவன்தான் பாக்கி.

அந்தப் பாக்கி உப்பு மேடையில் மூட்டை சுமந்துகொண்டிருந்தான். பெயர் இனிகோ. வயது நாற்பத்து நாலு. கடலோரத்துப் பரதவன், மூன்று சலாபம் முத்துக் குளித்தவன், அப்புறம் பதின்மூன்று வருஷம் சங்கு குளித்தவன். வலது காது ஒரு சங்குக்கு ஈடாகப் போயிருந்தது. அவனிடம் பேசுகிறவர்கள் இடது பக்கம் சுற்றி வரவேண்டும். கமிட்டிச் செயலாளர் தேவதாசன், நாசரேத்துக்காரர், ஹைஸ்கூல் வாத்தியார், அப்படித்தான் ஒரு சாயங்காலம் அவனைச் சுற்றி வந்தார்.

"முத்துக் குளிச்ச ஆளு நீங்கதானா, இனிகோ?"

"குளிச்சேன், ஐயா. இப்ப உப்பு சுமக்கேன்."

"பொருட்காட்சியில குளிக்கணும். ரொம்ப ஆழம் இல்ல. எட்டடிதான்."

"எட்டடியோ எண்பதடியோ. கயிறு யாரு பிடிக்கா?"

வாத்தியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எட்டடித் தண்ணிக்குக் கயிறு எதுக்குய்யா? எந்திரிச்சு நின்னா கை வெளிய தெரியுமே."

இனிகோ சிரிக்கவில்லை. மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி வாத்தியாருக்குச் சொன்னான். "தண்ணிக்குள்ள போறவனுக்கு மேல ஒரு ஆளு வேணும். பொண்டாட்டிகூடப் பொறந்தவன்தான் கயிறு பிடிக்கணும். அண்ணன் தம்பி பிடிக்கக் கூடாது. அண்ணன் தம்பிக்குச் சொத்துல பங்கு இருக்கு. மச்சானுக்குத் தங்கச்சி இருக்கா. அவ தாலிய மச்சான்தான் கையில பிடிச்சிட்டு இருக்கான். அதனால விடமாட்டான்."

வாத்தியார் பென்சிலை எடுத்தார். இது நோட்டீசுக்கு ஆகும் என்று அவருக்குப் பட்டுவிட்டது. அந்தக் கணத்தில் உதித்ததுதான் கடைசி வரி: *கயிறு பிடிப்பவர், அன்னாரின் மைத்துனர்.*

"மைத்துனர் பேரு?"

"கயித்தான். தோணிய நடத்துற தண்டலா இருக்கான்."

"அவரையும் கூட்டிக்கிட்டு வந்திருங்க."

"நான் கூப்பிட்டா வரமாட்டான், ஐயா. ஏழு வருஷமாப் பேச்சு இல்ல." இனிகோ உப்பு ஒட்டியிருந்த கையை வேட்டியில் துடைத்தான். "நீங்க கூப்பிட்டுப் பாருங்க. படிச்ச ஆளு. நீங்க கூப்பிட்டு அவன் வந்தான்னா, நான் குளிக்கேன்."

இதுதான் இனிகோவின் கணக்கு. தொட்டியும் வேண்டாம், வெளியூர் அன்பர்களும் வேண்டாம். அவனுக்கு வேண்டியதெல்லாம், கயித்தான் ஒரு தடவை வந்து அவன் கயிற்றைக் கையில் பிடிக்கவேண்டும். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். துறைமுகத்தில் தினமும் இரண்டு பேரும் எதிரெதிரே போகிறவர்கள்தான். கயித்தானின் தோணிக்கு உப்பு ஏற்றுகிறவனே இனிகோதான். கயித்தான் மூட்டையைப் பார்ப்பான். மூட்டைக்குக் கீழே இருக்கிறவனைப் பார்க்கமாட்டான்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் நடந்தது இது.

இனிகோவின் மனைவி தஸ்நேவிஸ், கயித்தானின் ஒரே தங்கச்சி. பிள்ளை குட்டி இல்லை. சங்கு குறைந்த வருஷம் ஒன்றில் இனிகோ கொழும்புக்குப் போய்த் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தான். நாற்பத்திரண்டாம் வருஷம், குருத்தோலை ஞாயிற்றுக்கு இரண்டு நாள் முந்தி, அவன் பேருக்கு ஒரு தந்தி வந்தது. அவனைச் சேர்ந்தவர்களில் சாவுக்கு அல்லாமல் தந்தி அடித்தவர் யாரும் கிடையாது. அவன் அப்பன் போனபோது தந்தி. அம்மை போனபோது தந்தி. பிரிக்காத தாளில் என்ன இருக்கிறது என்று அவனுக்கு மனப்பாடமாகத் தெரியும். எழுத்துத் தெரியாவிட்டால் என்ன? மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். யாரிடமும் காட்டவில்லை. காட்டினால் படிப்பார்கள். படித்தால் தஸ்நேவிஸ் செத்துவிடுவாள். படிக்காதவரைக்கும் ஊரில் அவள் பாட்டுக்கு மீன் அரிந்துகொண்டிருப்பாள்.

எட்டு நாள் அப்படி வைத்திருந்தான். எட்டாம் நாள் வேர்வையில் தாள் நைந்துபோக, இனி இது கிழிந்துவிடும் என்ற பயத்தில், காயல்பட்டினத்து மரைக்காயர் ஒருவர் வைத்திருந்த கடையில் நீட்டினான்.

மரைக்காயர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "மவுத்துச் செய்தி இல்லையேப்பா. உடம்பு மோசம், உடனே புறப்பட்டு வான்னுல்ல இருக்கு. எப்ப வந்துச்சு?"

இனிகோ தாளை வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்தான்.

"கப்பல் நேத்துக்கூடப் போச்சே," என்றார் மரைக்காயர், பாதி தனக்குத்தானே.

மறுநாள் பாஸ்கு ஞாயிறு. கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். கப்பல் நின்றது. தந்தி வந்த பதினோராம் நாள் தஸ்நேவிஸ் செத்துப்போனாள். பதினோரு நாளும் வாசலைப் பார்த்துக்கொண்டே கிடந்தாளாம். கயித்தான்தான் பெட்டி செய்தான், கயித்தான்தான் குழியில் மண் போட்டான். மூன்று மாதம் கழித்து ஒரு தோணியில் தொற்றிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்த இனிகோ, நேராக மச்சான் வீட்டுக்குப் போய், ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். கப்பல் கிடைக்கவில்லை என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் ஊரே நம்பியிருக்கும். அந்தச் சாமர்த்தியம் அவனுக்கு வரவில்லை.

"எட்டு நாளா?" என்று கேட்டான் கயித்தான்.

"எட்டு நாள்."

அதோடு பேச்சு நின்றது. கயிறு பிடிக்க ஆள் இல்லாத இனிகோ கடலை விட்டான். உப்பு மூட்டைக்கு மச்சான் வேண்டியதில்லை.

வாத்தியார் தேவதாசன் சொன்ன சொல் தவறாமல் கயித்தானைப் போய்ப் பார்த்தார். தோணிப் பலகையில் உட்கார்ந்து பாய் தைத்துக்கொண்டிருந்த கயித்தான், ஊசியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"எனக்குத் தங்கச்சி இல்ல, சார். தங்கச்சி இல்லாதவனுக்கு மச்சான் எங்கன இருந்து வருவான்?"

வாத்தியார் திரும்பி வந்தார். நோட்டீசோ அதற்குள் கோவில்பட்டியை எட்டியிருந்தது. அச்சில் ஏறிய மைத்துனர் அச்சிலேயே நிற்கட்டும் என்று விட்டுவிட முடியுமா? கமிட்டிக்கு நாணயம் முக்கியம். எனவே, நாணயத்தைக் காப்பாற்ற ஒரு போலி மைத்துனரை நியமித்தார்கள். அவர் வாசலில் டிக்கட்டுக் கிழிக்க வந்திருந்த சிவனாண்டி. சாத்தான்குளத்துப் பக்கம் பனங்காட்டு ஊர், கல்யாணம் ஆகாதவர், கூடப் பிறந்த பெண்பிள்ளை ஒருத்தரும் இல்லை. மீசை நன்றாக இருந்தது. அந்த ஒரு தகுதி போதும் என்றார்கள்.

இனிகோவிடம் வாத்தியார் சொன்னது வேறு. "யோசிச்சுச் சொல்லுதேன்னிருக்கார். முதல் ரெண்டு நாள் தோணி வேலை இருக்காம். அதுவரைக்கும் இவர் பிடிக்கட்டும்."

இனிகோ சிவனாண்டியின் கையைப் பார்த்தான். பதநீர் காய்ச்சின கை. "எட்டடிதானே," என்று இந்தத் தடவை அவனே சொல்லிக்கொண்டான்.

பாஸ்குக்கு மறுநாள் பொருட்காட்சி திறந்தது. நாலு மணிக்கு இனிகோ தொட்டியின் விளிம்பில் நின்று, சிலுவை போட்டு, இடுப்பில் கயிற்றைக் கட்டி, ஆளை அடிக்கு இழுத்துப்போகிற குளிகல்லில் கால் வைத்து இறங்கினான். ஒரே மூச்சில் காளவாசல் சிப்பிகளைக் கூடையில் அள்ளினான். கயிற்றை இழுத்துக் குறி காட்டினான். சிவனாண்டி, கிணற்றில் விழுந்த கன்றை இழுக்கிறவர் மாதிரி, வெடுக்கென்று இழுத்து அவன் முழங்காலைச் சிமிண்டில் தேய்த்தார். ஜனங்கள் கை தட்டினார்கள். இனிகோ தண்ணீரைத் துடைத்துக்கொண்டு, ஏணிப்படியில் நின்ற தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். கயித்தான் தலை அதில் இல்லை.

இரண்டாம் நாள்தான் அந்த வினை முளைத்தது. எட்டயபுரத்திலிருந்து வந்திருந்த வடிவம்மாள் என்கிற அம்மாள், பருத்திக் கமிஷன் கடைக்காரர் வீட்டுக்காரி, ஏணியின் உச்சியில் நின்றுகொண்டு இறங்க மறுத்தார். டிக்கட்டு வாங்கியவர், கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டுவிட்டுத்தான் இறங்குவார்.

"நீருதான் பொண்டாட்டியோட அண்ணனா?"

"ஆமா, ஆத்தா," என்றார் சிவனாண்டி.

"அந்தப் பிள்ள எங்க? புருஷன் தண்ணிக்குள்ள கெடக்கான், பாக்க வரலியா?"

சிவனாண்டி மீசையை முறுக்கினார். மீசை கை கொடுத்தது. "வீட்டுல இருக்கா, ஆத்தா. மீன் குழம்பு வச்சிட்டு இருக்கா. இவரு கரையேறிப் போனதும் சோறு போடணும்லா."

இனிகோ அப்போதுதான் மேலே வந்து விளிம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். நல்ல காதில்தான் விழுந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான். வடிவம்மாள் திருப்தியாக இறங்கிப்போனார். இனிகோ வெகுநேரம் விளிம்பை விடாமல் அப்படியே கிடந்தான்.

அடுத்த ஆட்டத்துக்கு முன்னால் சிவனாண்டியிடம் மெதுவாகக் கேட்டான். "இப்ப என்ன குழம்புன்னு சொல்லப் போறீரு?"

"என்னத்தையாவது சொல்லுதேன் அண்ணாச்சி. கோவிச்சுக்கிட்டியளோ?"

"இல்ல. சொல்லுறது சொல்லுறீரு, சரியாச் சொல்லும். அவ சாளைக்கு மாங்காய் போடுவா. புளி ஊத்தமாட்டா. புளி ஊத்துனா அவளுக்கு நெஞ்சு கரிக்கும்."

அன்றிலிருந்து தஸ்நேவிஸ் தினமும் மூன்று வேளை மாங்காய் போட்டுச் சாளைக் குழம்பு வைத்தாள். மூன்றாம் நாள் அவளுக்கு மூக்குத்தி வந்தது. நாலாம் நாள் கோபம் வந்தது. புருஷன் நேரங்கழித்து வந்தால் பேசமாட்டாள், சட்டியை மட்டும் நங்கென்று வைப்பாள். ஐந்தாம் நாள், பக்கத்து வீட்டுக் கோழியைத் தன் கோழி என்று சாதித்த பழைய சண்டை ஒன்றையும் இனிகோ எடுத்துக் கொடுத்தான். சிவனாண்டியிடம் சரக்கு சேரச் சேர, குளிப்பு சின்னதாகவும் குழம்பு பெரிதாகவும் ஆகிவிட்டன. ஜனங்களுக்கும் அதுதான் பிடித்தது. பேசும் தலைக்குக் கூட்டம் குறைந்தது. பேசும் தலை, அதாவது மேசைக்கு அடியில் குந்தியிருந்த முத்துக்கனி, உடம்போடு எழுந்து வந்து, "ஏலே சிவனாண்டி, உன் தங்கச்சிய நாளைக்கு ஒருநாள் காய்ச்சல்ல படுக்க வையி. எம் பொழப்பும் ஓடணும்லா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

இனிகோ அதற்குச் சம்மதிக்கவில்லை. காய்ச்சல் கூடாது என்றான். வேடிக்கையாகச் சொன்னதற்கு அவன் முகம் ஏன் அப்படிப் போயிற்று என்று முத்துக்கனிக்கு விளங்கவில்லை.

தலைகளை எண்ணுவதையும் அவன் விடவில்லை. "தோணி வேலை முடியலியா, ஐயா?" என்று வாத்தியாரிடம் தினமும் ஒரு தடவை கேட்பான். "நாளைக்கு வந்திருவாரு," என்பார் வாத்தியார். நாசரேத்தில் பொய் பாவம். இங்கே அது கமிட்டி வேலை.

கயித்தானின் தோணியில் வேலை செய்கிறவர்கள் பொருட்காட்சி பார்க்கப் போனது ஏழாம் நாள். எட்டாம் நாள் காலையில் அவர்களில் ஒருவன், பாய் விரித்துக்கொண்டே, தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டான். "ஏன் தண்டலே, உமக்குச் சாத்தான்குளத்துல ஒரு தம்பி உண்டா? அவன் தங்கச்சி மாங்காய் போட்டுல்ல சாளை வைக்காளாம்."

கயித்தான் பாய்க்கயிற்றை இறுக்கிக் கட்டினான். மத்தியானம் வரைக்கும் வேலை பார்த்தான். பிறகு குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, கோயிலுக்குப் போகிறவன் மாதிரி போனான். ஆனால் போனது பொட்டலுக்கு. மற்ற அன்பர்களைப்போல வாசலில் டிக்கட்டு வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்தான்.

அப்போது ஐந்து மணி ஆட்டம். இனிகோ இறங்கிவிட்டான். அடியில் குந்தி, ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். மேலே சிவனாண்டி கோழிச் சண்டைக்கு வந்திருந்தார் போல. கயிறு அவர் கை வீச்சுக்கு ஏற்ப ஆடிக்கொண்டிருந்தது. திடீரென்று ஆட்டம் நின்றது. கயிறு ஒரு தடவை தொங்கியது. அப்புறம் நிமிர்ந்தது.

இனிகோவின் கை ஓட்டின்மேல் அப்படியே நின்றுவிட்டது.

தொய்வும் இல்லை, முறுக்கும் இல்லை. கயிற்றின் அந்தப் பக்கம் ஒரு பெருவிரல் மட்டும் லேசாக அழுத்திக்கொண்டு, உள்ளே இருக்கிறவனின் நாடியைப் பார்க்கிற மாதிரி ஒரு பிடி. அதைச் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மூன்று சலாபமும் பதின்மூன்று வருஷச் சங்கும் அந்தப் பிடியில்தான் இறங்கி ஏறினான். எட்டடித் தண்ணீருக்குள், சுண்ணாம்பு ஓடுகளுக்கு நடுவே குந்திக்கொண்டு, இனிகோ இடுப்புக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தான். குறி காட்டவில்லை. குறி காட்டினால் அந்தக் கை இழுக்கும். இழுத்து முடிந்ததும் விட்டுவிடும். காட்டாதவரைக்கும் பிடித்துக்கொண்டே இருக்கும்.

மேலே ஜனங்கள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். நாற்பது என்றார்கள், ஐம்பது என்றார்கள். ஒரு காலத்தில் எண்பது வரை போனவன்தான். இப்போது நாற்பதிலேயே நெஞ்சுக்குள் நெருப்பு. இருந்தாலும் குந்தியிருந்தான். அறுபதில் குறி வராமலே கயிறு இழுத்தது. வெடுக்கென்று இல்லை. ஒரே சீராக, எங்கும் உரசாமல், பச்சைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி.

கரையேறியதும் இனிகோவுக்குப் பேச மூச்சு இல்லை. "மச்சான்," என்பது மட்டும் வந்தது.

கயித்தான் குனிந்து அவன் இடுப்பு முடிச்சைத் தானே அவிழ்த்தான். ஏழு வருஷத்துக்குப் பிறகு முகத்தைப் பார்த்தான். "இந்த வாத்தியாரு எங்கிட்ட வந்தாரு. அன்னைக்கே மாட்டேன்னுட்டேன். உங்கிட்டச் சொல்லலியா?"

இனிகோ வாத்தியாரைப் பார்த்தான். வாத்தியார் கையிலிருந்த நோட்டீசைப் படித்துக்கொண்டிருந்தார்; அவர் எழுதியதுதான்.

"அண்ணாச்சி, நான் சும்மா கூட்டத்துக்காக..." என்று ஆரம்பித்தார் சிவனாண்டி.

"நீரு இரும்வே. உம்மேல தப்பு இல்ல. மாங்காய் போடுவாங்கிறது உமக்கு எப்படித் தெரியும்? சொல்லிக் குடுத்தவன்கிட்டப் பேசுதேன்." கயித்தான் குரலை உயர்த்தவில்லை. ஏணியில் நின்றவர்கள் கழுத்தை நீட்ட வேண்டியிருந்தது. "இனிகோ. அன்னைக்கு எட்டு நாள் தந்திய மடிச்சு வச்சுக்கிட்டு அவள உசுரோட வச்சிருந்த. அங்க அவ செத்துக்கிட்டு இருந்தா. இப்ப ஒரு வாரமா அவளக் குழியில இருந்து எழுப்பி அடுப்பு முன்னால உக்கார வச்சிருக்க. ஒரு நாளைக்கு மூணு வேளை. அவ படுக்க வேண்டாமா?"

முன்னெல்லாம் 'மாப்பிள்ள' என்றுதான் கூப்பிடுவான். பேர் சொல்லிக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

"அப்ப எதுக்குக் கயிறு பிடிச்ச?" என்று கேட்டான் இனிகோ.

"தஸ்நேவிசுக்கு அண்ணன்னு ஒருத்தன் இங்க உக்காரணும்னா அது நான்தான். வேற ஒருத்தன் உக்காந்திருக்கதப் பாத்துட்டு நிக்க முடியல. உக்காந்தாச்சு. போதும்."

கயிற்றைப் பிழிந்தான். முழங்கையில் சுற்றினான். தோளில் போட்டுக்கொண்டான். அது கமிட்டிக் கயிறு. ஈர வேட்டியோடு ஜனங்களை விலக்கிக்கொண்டு, ராட்டினத்தைச் சுற்றி, வாசல் வழியாகப் போய்விட்டான். ஏணியில் இரண்டு மூன்று பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். பிறகு யாரோ ஒருவர் கை தட்ட, எல்லாரும் தட்டினார்கள். இதுவரை நடந்த ஆட்டங்களில் இதுதான் சிறந்தது என்பதில் வெளியூர் அன்பர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

வாத்தியார் மெல்ல அருகே வந்து, சரியான காதைத் தேடிச் சொன்னார். "நாளைக்கும் ஒருதரம் வருவாரான்னு கேட்டுப் பாருங்களேன்."

இனிகோ விளிம்பில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தான். ஆறு மணி ஆட்டத்துக்கு மணி அடித்தது. ஏணியில் புதுக்கூட்டம் ஏறியது. முன்னால் வந்தவர் எட்டயபுரத்து வடிவம்மாள். ஊருக்குப் போய்ச் சொல்லி, நாத்தனார், ஓரகத்தி, ஓரகத்தியின் தாயார் என்று ஒரு வண்டி நிறையக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்திருந்தார்.

"ராட்டினத்துக்காரன்கிட்ட ஒரு கயிறு இருக்கு, வாங்கிட்டு வரட்டுமா?" என்றார் வாத்தியார்.

"வேண்டாம்," என்றான் இனிகோ.

சிவனாண்டி கயிறில்லாத கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். வடிவம்மாள் தன் ஆட்களுக்கு அவரைச் சுட்டிக் காட்டிவிட்டு, உரிமையோடு கேட்டார். "என்னய்யா, இன்னைக்கு உம்ம தங்கச்சி என்ன குழம்பு?"

சிவனாண்டி இனிகோவைப் பார்த்தார்.

இனிகோ எழுந்து நின்றான். கல்லின் வளையத்தில் காலை நுழைத்தான். "குழம்பு இல்ல, ஆத்தா. அவ எம் பொண்டாட்டி. செத்து ஏழு வருஷம் ஆச்சு."

சொல்லி முடித்த பிறகும் ஒன்றும் ஆகவில்லை. ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தது. கிணற்றுக்குள் மோட்டார் சைக்கிள் இரைந்துகொண்டிருந்தது. வடிவம்மாளின் கை கழுத்துக்குப் போனது. போன தடவை சிப்பிக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்த கண்ணாடி முத்தை நிஜ முத்து என்று தாலிக்கொடியில் கோத்திருந்தார்; அதைக் கையில் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அப்ப இது?"

"அதுவுந்தான், ஆத்தா," என்று சொல்லிவிட்டு இனிகோ இறங்கினான்.

கல் அவனை அடிக்குக் கொண்டுபோனது. முட்டியைக் கட்டிக்கொண்டு குந்தினான். சிப்பி பொறுக்கவில்லை. இடுப்பு லேசாக இருந்தது. தொட்டுப் பார்த்தால் அரைஞாண் மட்டும். கயிறு இல்லாமல் போனவன் எவனும் வந்ததில்லை என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் அவன். தலைக்கு மேலே, ஆடுகிற தண்ணீரில், வெளியூர் முகங்கள் நீண்டும் சுருங்கியும் தெரிந்தன. அவற்றில் ஒன்றும் கயித்தான் முகம் இல்லை. முப்பது, நாற்பது. காத்திருந்தான். பிறகு, எதற்கென்று காத்திருக்கிறோம் என்று தோன்றியபோது, காலைக் கல்லிலிருந்து உருவினான்.

அவ்வளவுதான். யாரும் இழுக்கவில்லை. உடம்பு தானாகவே, ஒரு நெற்றுத் தேங்காய் மிதந்து வருகிற மாதிரி, மேலே வந்துவிட்டது.

ஜனங்கள் கை தட்டினார்கள். கையில் வேலை இல்லாத சிவனாண்டியும் சேர்ந்து தட்டினார். இனிகோ விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தான் வந்துவிட்டதை நம்பாதவன் போல ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

எட்டடித் தண்ணீருக்குக் கயிறு வேண்டாம் என்று வாத்தியார் முதலிலேயே சொன்னார். மிச்சமிருந்த இரண்டு நாளும் இனிகோ கயிறில்லாமலேதான் குளித்தான். நோட்டீசில் கடைசி வரியை வாத்தியார் பென்சிலால் அடித்திருந்தார். ஆனால் பென்சில் கோடு மெல்லியது. உற்றுப் படிக்கிறவர்களுக்கு அந்த மைத்துனர் இன்னும் தெரிந்துகொண்டுதான் இருந்தார்.